கம்பி வருமுன் கணக்கு வருகிறது!

வீடு கட்டி முடித்தாயிற்று. கூரை ஏறிற்று, விளக்கும் எரிகிறது. இனி ஒரு தொலைபேசி, அதனோடு இணையம். ஆத்தூர்க் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளுபவர் வீட்டுப் பிள்ளையும் கேட்கிறது, தூத்துக்குடி உப்பளத்தில் வெயிலில் வேகிறவர் வீட்டுப் பிள்ளையும் கேட்கிறது. "மாதம் ஐந்நூறுதானே, தந்துவிடலாம்" என்று தகப்பனார் எண்ணுகிறார். எண்ணலாம், தோழர்களே! ஆனால் ஐந்நூறோடு முடிகிறதா?

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மாதக் கட்டணம் 500 ரூபாய் என்றால், 18 விழுக்காடு வரி 90 ரூபாய். ஆக 590. "இணைப்புக் கட்டணம் இலவசம்" என்று துண்டறிக்கை முழங்குகிறது. அடியில் பொடி எழுத்தில், ஓராண்டுத் தொகையை முன்கூட்டியே கட்டினால்! பன்னிரண்டு மாதத்துக்கு 7,080 ரூபாய். இலவசத்தின் விலை ஏழாயிரத்து எண்பது! முன்பணம் கட்ட முடியாதா? அப்படியானால் இணைப்புக் கட்டணம் தனி, கருவிக்குத் தனி, வைப்புத்தொகை தனி. மாதச் சம்பளக்காரர் சமாளிப்பார். அன்றாடம் கூலி வாங்கி அன்றாடம் அடுப்பெரிப்பவர் ஒரே மூச்சில் ஏழாயிரத்துக்கு எங்கே போவார்?

இது இன்று முளைத்த நோயல்ல. சென்னையில் தொலைபேசி நிலையம் திறந்தது 1882-இல். விடுதலை வந்த பின்னரும், பெருந்தொகையை முன்பணமாகக் கட்டியவருக்கு முன்வரிசை. மற்றவருக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பு. 1994-இல் டில்லி ஒரு தொலைத்தொடர்புக் கொள்கை வெளியிட்டது. 1997-க்குள் கேட்டவர்க்கெல்லாம் தொலைபேசி என்றது. 1997 வந்தது, கேட்டவர்கள் காத்துக்கொண்டேயிருந்தனர். 1999-இல் புதுக் கொள்கை வந்தது. கெடு 2002-க்குத் தள்ளிப் போயிற்று. வாக்குறுதி தள்ளிப் போனது, வரியோ தாமதிக்கவில்லை! அதே 1994-இல் தொலைபேசிக் கட்டணத்தின்மீது 5 விழுக்காடு சேவை வரி விழுந்தது. 2017 முதல் சரக்கு-சேவை வரி 18 விழுக்காடு.

"கையில்தான் கைபேசி இருக்கிறதே!" என்பார்கள். இருக்கிறது. பேசுவதற்குப் போதும். 2020-இல் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தபோது, வீட்டில் ஒரு கைபேசி, படிக்கும் பிள்ளைகள் மூவர் என்றிருந்த குடும்பங்கள் எத்தனை! அப்பா அதை வேலைக்கு எடுத்துச் சென்றால், பாடமும் உடன் சென்றது.

ஊராட்சிதோறும் கண்ணாடி இழைக் கம்பி கொண்டுசெல்லும் திட்டத்துக்கு மத்திய அரசு 2011-இல் ஒப்புதல் தந்தது. தமிழகத்தில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகள். நல்ல திட்டம், வரவேற்கிறோம். ஆனால் ஆத்தூர் பேரூராட்சி. அந்தக் கணக்கில் அது வராது. கணக்கில் வரும் ஊரிலும், ஊராட்சி அலுவலகம்வரை வந்த கம்பி, அங்கிருந்து குடிசைவரை யார் செலவில் வரும்? கால்வாய் வெட்டிவிட்டு வயலுக்கு மடை திறக்காமல் போவதா?

பின்லாந்து நாடு, 2010-இல் அதிவேக இணையத்தைக் குடிமக்களின் சட்ட உரிமை ஆக்கிற்று. கேரள உயர்நீதிமன்றம், இணையத்தைப் பயன்படுத்துவது கல்வி உரிமையின் ஒரு பகுதி என்று 2019-இல் தீர்ப்பளித்தது. 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்ற குறிக்கோளோடு கேரள அரசு 2023-இல் தன் சொந்தக் கம்பிவலையைத் தொடங்கியது. முடியாது என்று யார் சொல்வது?

நாம் கேட்பது மூன்றே. ஏழை வீட்டின் முதல் இணைப்புக்கு நுழைவுச் செலவை அரசு ஏற்கட்டும். அந்த இணைப்புக்கு வரி வேண்டாம். விளம்பரத்தில் போடும் விலை, வரியும் கருவியும் சேர்ந்த முழு விலையாக இருக்கட்டும்.

அதுவரை, பணம் கட்டுமுன் கேளுங்கள், தோழர்களே! வரி சேர்த்து எவ்வளவு? கருவி நமதா, வாடகையா? வைப்புத்தொகை எப்போது திரும்பும்? அளவு தீர்ந்தபின் வேகம் எவ்வளவு? பதிலைத் தாளில் வாங்குங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

கம்பி நம் தெருவழியேதான் போகிறது. அது நம் வீட்டுக்குள்ளும் வரட்டும்!