நாழியும் நாடுரியும்: தொடக்க வகுப்புகளில் எண்ணும் எழுத்தும் ஒருங்கு கற்பித்தல்

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகக் கூறும் மரபு தமிழில் தொன்மையானது. திருவள்ளுவர் கல்வி அதிகாரத்தில் இதனைக் கூறினார். ஔவையாரின் கொன்றைவேந்தனும் இக்கருத்தை உடையது. இவ்வுவமையை எடுத்தாள்வோர் பெரும்பாலும் கண்ணின் அருமை ஒன்றனையே விதந்து பேசுவர். இரு கண்ணும் இருவேறு பொருளைக் காண்பன அல்ல, ஒரு பொருளையே ஒருங்கு காண்பன என்பதனைப் பலரும் கருதுவதில்லை. நம் பள்ளிகளிலோ ஒரு மணி நேரம் ஒரு கண்ணும் மறு மணி நேரம் மற்றொரு கண்ணும் திறக்கப்படுகின்றன.

தொடக்கப்பள்ளியின் முதல் மூன்று வகுப்புகளில் மொழி, கணக்கு, சூழ்நிலையியல், கைத்தொழில் என்பவற்றைத் தனித்தனியே பகுத்துக் கற்பியாது, ஒரு பொருளை நடுவாக நிறுத்தி அதன்கண் இவையனைத்தையும் இயைத்துக் கற்பிக்கும் பகுதியை ‘ஒருங்கிணை பாட அலகு’ எனலாம். இதனை ஆராய்தல் கல்வியியலார்க்கு உரியதன்றோ, தமிழ்த்துறைக்கு இதன்கண் என்ன வேலை என்னும் வினா எழலாம். எம் வகுப்பில் நிகழ்ந்த ஒன்றே அதற்கு விடையாகும்.

முதுகலை மாணவர்க்குத் தொல்காப்பிய உயிர்மயங்கியலைப் பாடஞ் சொல்லிக்கொண்டிருந்தோம். நாழி என்னும் சொல்லின் முன் உரி என்னும் சொல் வரின் ‘நாடுரி’ ஆகும் என்பதை மாணவர் அனைவரும் தடையின்றிக் கூறினர். கெடுவது யாது, தோன்றுவது யாது என்பனவற்றையும் பிழையின்றி விளக்கினர். ‘நாடுரி என்பது எவ்வளவு?’ என்று வினவினோம். வகுப்பு வாய்வாளாதிருந்தது. சிறிது பொழுது கழித்து ஒருவர், ‘நாட்டில் வழங்கும் உரி’ என்றார். சிரித்தவர்களும் விடை அறிந்தாரல்லர். குறை மாணவருடையது அன்று. அந்நூற்பாவைப் பல்லாண்டு கற்பித்தும் ஒருமுறையேனும் அளவைச் சொல்லாத எம்முடையது. எண்ணும் எழுத்தும் முதல் வகுப்பிற் பிரிந்தால் முதுகலை வகுப்பிலும் அவை ஒன்று சேர்வதில்லை என்பதனை அன்று உணர்ந்தோம்.

1. கருத்தின் வரலாறு

பாடங்களை ஒரு தொழிலின்கண் இயைத்துக் கற்பிக்கும் முறை அண்மைக் காலத்தே பலவிடத்தும் முயலப்பட்டது. அமெரிக்க அறிஞர் சான் தூயி 1896ஆம் ஆண்டு சிகாகோப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து நிறுவிய ஆய்வுப் பள்ளியில், சமைத்தல், நெய்தல் முதலிய தொழில்களின் வழியாகவே குழந்தைகள் கணக்கும் இயற்கையறிவும் வரலாறும் கற்றனர். 1918இல் கில்பாற்றிக் என்பார் செயல்திட்ட முறையை ஒரு கட்டுரையால் விளக்கினார். இந்தியாவில் 1937ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் காந்தியடிகள் தலைமையில் வார்தாவில் கூடிய மாநாட்டின் பயனாக ஆதாரக் கல்வித் திட்டம் உருப்பெற்றது. சாகிர் உசேன் தலைமையில் அமைந்த குழு, நூற்றல் போன்றதொரு கைத்தொழிலையும் இயற்கைச் சூழலையும் சமுதாயச் சூழலையும் நடுவாகக் கொண்டு பிற பாடங்களை அவற்றோடு தொடர்புபடுத்துமாறு வகுத்தது.

தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கப்பட்டுப் பின்னர் மாநிலமெங்கும் பரவியது. 2022ஆம் ஆண்டில் முதல் மூன்று வகுப்புகளுக்கென அரசு தொடங்கிய திட்டம் ‘எண்ணும் எழுத்தும்’ என்றே பெயர் பெற்றது. பெயரளவில் இரண்டும் ஒன்றுபட்டுவிட்டன. பொருளளவில் ஒன்றுபட்டனவா என்பதே ஆராய்தற்குரியது.

2. ஒட்டும் இயைபும்

ஒருங்கிணைப்பு என்னும் பெயரால் நிகழ்வன இருவகைப்படும். யானையை நடுவாக வைத்து, யானைப் பாட்டுப் பாடி, யானைப் படம் வரைந்து, யானைகளை எண்ணிக் கூட்டுவது ஒருவகை. ஈண்டு ஐந்து யானையும் மூன்று யானையும் எட்டு யானை என்னுங் கணக்கிற்கு யானை வேண்டுவதில்லை, மாங்காயும் அமையும். பாடங்கள் ஒரு பெயரின் கீழ் அடுக்கப்பட்டனவேயன்றித் தம்முள் ஒன்றையொன்று அவாவி நிற்கவில்லை. இதனை ‘ஒட்டு’ எனலாம்.

ஒரு பாடத்தை நீக்கினால் மற்றொன்று விளங்காதவாறு அமைவது மற்றொரு வகை. அதனை ‘இயைபு’ எனலாம். ஓர் அலகின் தகுதியை அறிய இவ்வொரு வினாவே போதும்: இதிலிருந்து கணக்கை எடுத்துவிட்டால் மொழி குறைபடுகின்றதா? மொழியை எடுத்துவிட்டால் கணக்குக் குறைபடுகின்றதா? இரண்டற்கும் ‘ஆம்’ என்னும் விடை வருமாயின் அது மெய்யான அலகு. தமிழில் இயல்பாகவே இத்தன்மை வாய்ந்த பொருள் ஒன்றுண்டு. அஃது அளவைப் பெயர்.

3. திண்ணைப் பள்ளியின் எண்சுவடி

பழைய திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதிப் பழகிய சிறுவன், பின்னர் ஓலையில் எழுதக் கற்றான். அவன் மனனஞ் செய்தவற்றுள் ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் ஒருபுறம் நிற்க, எண்சுவடி மறுபுறம் நின்றது. ஒன்றற்குக் கீழ்ப்பட்ட பின்னங்களாகிய கீழ்வாயிலக்கத்தில் முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. காணி என்பது 80இல் ஒரு பங்கு. மா என்பது 20இல் ஒரு பங்கு. மாகாணி என்பது 16இல் ஒரு பங்கு. முகத்தலளவையில், 360 நெல் ஒரு செவிடு. 5 செவிடு ஓர் ஆழாக்கு. 2 ஆழாக்கு ஓர் உழக்கு. 2 உழக்கு ஓர் உரி. 2 உரி ஒரு நாழி. 8 நாழி ஒரு குறுணி. 2 குறுணி ஒரு பதக்கு. 2 பதக்கு ஒரு தூணி. 3 தூணி ஒரு கலம். எனவே ஒரு நாழிக்கு 14,400 நெல்லும் ஒரு கலத்திற்கு 96 நாழியும் ஆயின. இடத்திற்கும் காலத்திற்கும் ஏற்ப அளவுகள் வேறுபட்டனவேனும் வாய்பாடு இவ்வாறு நின்றது.

இவ்வாய்பாட்டின் சிறப்பு, எண் ஒவ்வொன்றும் சொல்லாக நிற்றலாகும். சிறுவன் ஒரே வேளையில் எழுத்தும் சொல்லும் எண்ணும் ஊர்த்தொழிலும் கற்றான்.

ஆயினும் திண்ணைப் பள்ளியைப் பொற்காலமாகக் காட்டுதல் எம் கருத்தன்று. அங்கே மனனம் மிகுதி, விளக்கம் குறைவு, பிரம்பும் கோதண்டமும் கொடியன. சென்னை மாகாண ஆளுநர் தாமசு மன்றோ 1822இல் ஆணையிட்டுத் தொகுப்பித்த கணக்கின்படி, மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவரும் இருந்தனர். அம்மாணவருள் பெண்கள் 4,540 பேரே. நெல்லை விளைத்தும் அளந்தும் வாழ்ந்த உழவுத் தொழிலாளர் குடியின் பிள்ளைகளுக்கு அத்திண்ணையில் பெரும்பாலும் இடமில்லை. ஆதலின் எண்சுவடியிலிருந்து யாம் கொள்ள வேண்டுவது அதன் பொருளியைபேயன்றி அப்பள்ளியின் ஒழுங்கன்று.

4. தொல்காப்பியரின் அளவைச் சொற்கள்

தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் அளவைப் பெயர்க்கும் எண்ணுப்பெயர்க்கும் அளித்த இடம் வியக்கத்தக்கது. அளவுப்பெயர்க்கும் நிறைப்பெயர்க்கும் மொழிமுதலாகும் எழுத்துகள் ஒன்பது என்று தொகைமரபில் வரையறுத்தார். பேரளவின் பின் அதற்கு உட்பட்ட சிற்றளவு வந்து கூடுமாயின் இடையே ஏகாரச் சாரியை தோன்றும் என்றும், அரை என்னும் சொற்கு அச்சாரியை பொருந்தாது என்றும் விதித்தார்.

இவ்விரு விதிகளும் இன்றும் உயிருடன் வழங்குகின்றன. கடைத்தெருவில் ‘ஒன்றேகால்’ என்கிறோம், ‘ஒன்றேமுக்கால்’ என்கிறோம், ஆனால் ‘ஒன்றே அரை’ என்பார் ஒருவரும் இலர், ‘ஒன்றரை’ என்பதே வழக்கு. எழுதப் படிக்க அறியாதவரும் பிழையாமற் போற்றும் விதி இது. இவ்வேகாரம் இலக்கண நோக்கிற் சாரியை; கணக்கு நோக்கிற் கூட்டற்குறி.

உயிர்மயங்கியலில் இதனோடு தொடர்புடைய இரண்டு சிறப்பு விதிகள் உள. தூணியின் முன் பதக்கு வரின் வல்லெழுத்து மிக்குத் ‘தூணிப்பதக்கு’ ஆகும். நாழியின் முன் உரி வரின் ‘நாடுரி’ ஆகும். இரண்டிடத்தும் ஏகாரம் இல்லை. வாய்பாட்டை அருகில் வைத்துப் பார்ப்பார்க்கு ஒன்று புலனாகும். உரி என்பது நாழியிற் பாதி. பதக்கு என்பது தூணியிற் பாதி. ஒன்றரை, நாடுரி, தூணிப்பதக்கு ஆகிய மூன்றும் ஒன்றரை மடங்கைக் குறிப்பனவே. பாதி வந்து கூடுமிடத்து ஏகாரம் நீங்குகின்றதோ என்று ஐயுறற்கு இஃது இடந்தருகின்றது. ஆயினும் ஆழாக்கு உழக்கிற் பாதியாகவும், ‘உழக்கே ஆழாக்கு’ என்பது உரைகளில் எடுத்துக்காட்டாக நிற்றலின், இதனைப் பொதுவிதியாகக் கொள்ளுதல் கூடாது; மேலும் ஆராயத்தக்க குறிப்பு என்ற அளவிலேயே நிறுத்துகின்றோம். வாய்பாடு அறியாதார்க்கு இவ்வையமே தோன்றாது என்பதே ஈண்டு வேண்டப்படுவது.

5. அலகின் அமைப்பு

இனி இரண்டாம் வகுப்பிற்குரிய அலகு ஒன்றனை விளக்குவோம். 1956ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டத்திற்குப் பின் மெட்ரிக் முறை படிப்படியாக நிலைபெற்றமையின், லிட்டர்க் கலம் ஒன்றும் அதிற் காற்பங்கு கொள்ளும் சிறுகலம் ஒன்றும் போதும். அவற்றோடு பழைய நாழியும் உழக்கும் கிடைப்பின் நன்று.

குழந்தைகள் மணலையோ நெல்லையோ சிறுகலத்தால் முகந்து பெருங்கலத்தில் இடுவர். ஒவ்வொரு முறையும் அளவை வாயாற் சொல்லுவர்: கால், அரை, முக்கால், ஒன்று. பெருங்கலம் நிரம்பிய பின் இரண்டாங் கலத்தில் தொடர்வர்: ஒன்றேகால், ஒன்றரை, ஒன்றேமுக்கால், இரண்டு. அதன்பின் ஆசிரியர் ஒரு வினாவை எழுப்புதல் வேண்டும்: ‘ஏ என்னும் ஒலி எங்கே வருகின்றது, எங்கே வரவில்லை?’ அரைக்கு வரவில்லை என்பதைக் குழந்தைகள் தாமே கண்டு கூறுவர். சாரியை என்னும் பெயர் அப்பருவத்திற்கு வேண்டா. கண்டறிந்த மகிழ்ச்சியே போதும்.

அடுத்த நிலையில் மூன்று என்னும் சொல்லைக் கொள்ளலாம். முக்கால், முந்நாழி, மூவுழக்கு என்னுமிடங்களில் அச்சொல் வெவ்வேறு வடிவம் பெறுகின்றது. மூன்று நாழியையும் மூன்று உழக்கையும் அளந்து வைத்து, அவற்றின் பெயரை எழுதி அருகில் ஒட்டும் குழந்தை, சொல்லின் மாற்றத்தையும் அளவின் வேறுபாட்டையும் ஒருங்கு காணும். களிமண்ணாலோ தாளாலோ ஓர் அளவைக் கலம் செய்தல் கைத்தொழிலாகும். தாம் செய்த கலங்கள் ஒத்த அளவின அல்ல என்பதைக் கண்டபின், ஊர்க்கெல்லாம் பொதுவான அளவு ஏன் வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும்.

இவ்விடத்து ஊரின் முதியோரை வகுப்பிற்கு அழைத்தல் வேண்டும். கூலியை நெல்லாகவே அளந்து பெற்ற முதியோர் இருப்பின், மரக்காலைத் தலைதட்டி அளப்பதற்கும் குவித்து அளப்பதற்கும் உள்ள வேற்றுமையை அவரினும் நன்கு சொல்ல வல்லார் இலர். அளக்குங் கலம் சிறிது குறைந்தால் உழைத்தவர் இழப்பது எவ்வளவு என்னும் கணக்கு, ஏட்டுக் கணக்கன்று. முன்னாளில் எக்குடியின் பிள்ளைகள் திண்ணையின் புறத்தே நின்றனரோ, அக்குடியின் பேரறிவே இன்று பாடமாகின்றது. தன் பாட்டி வகுப்பில் ஆசிரியராக அமர்ந்ததைக் கண்ட குழந்தை, பள்ளி தனக்கும் உரியது என்பதை ஐயமின்றி உணரும்.

6. முடிவு

இவ்வலகில் மொழியை நீக்கின் எண்ணுக்குப் பெயரில்லை. எண்ணை நீக்கின் சொல்லுக்குப் பொருளில்லை. நாம் முற்கூறிய வினாவிற்கு இரு பக்கமும் ‘ஆம்’ என்னும் விடை கிடைக்கின்றது. எல்லாப் பாடத்தையும் இவ்வாறு இயைத்தல் இயலாது. பெருக்கல் வாய்பாட்டிற்கும் எழுத்துப் பயிற்சிக்கும் தனி நேரம் வேண்டியதே. இயையாதவற்றை வலிந்து இயைத்தல் இரண்டனையும் கெடுக்கும்.

தமிழ்த்துறையினர் செய்யத்தக்க பணி இரண்டு உள. ஒன்று, எண்சுவடி ஏடுகளை இலக்கியம் அல்ல என்று ஒதுக்காது, சொற்பொருள் விளக்கத்துடன் ஆராய்ந்து தொடக்கப்பள்ளி ஆசிரியர் கைக்கொள்ளுமாறு தருதல். மற்றொன்று, இலக்கண வகுப்பில் அளவைச் சொல் வருந்தோறும் அளவைச் சொல்லுதல். இரண்டாவது பணிக்குப் பொருட்செலவோ அரசாணையோ வேண்டா.

உயிர்மயங்கியலை மறுமுறை கற்பித்தபோது ஒரு நாழியும் உரியும் தேடிக் கொணர்ந்து மேசைமேல் வைத்தோம். மாணவர் ஒருவர் உரியால் இருமுறை முகந்து நாழியை நிரப்பினார். மூன்றாம் முறை முகந்த உரியை நாழியின் அருகில் வைத்தார். ‘இதுதான் நாடுரி’ என்றோம். அந்நூற்பாவிற்கு அதன்பின் உரை வேண்டப்படவில்லை.