உடல்நலமில்லாத நாளில் மாமல்லபுரம்

சுற்றுலா நாள் குறித்தாயிற்று என்றால் நம் மாணவியர்க்கு இரவில் உறக்கம் வராது. புளிசாதப் பொட்டலம், தண்ணீர்ப் போத்தல், புதுச் செருப்பு எல்லாம் முதல் நாளே ஆயத்தமாகிவிடும். உடம்பு ஆயத்தமா என்று மட்டும் ஒருவரும் பார்ப்பதில்லை. மாணவியரைச் சொல்வானேன்? சென்ற ஆண்டு மாசி மாதத்தில் ஒன்பதாம் வகுப்பினரை மாமல்லபுரத்திற்கு அழைத்துச் சென்ற நானே பார்க்கவில்லை. முதல் நாள் இரவு எனக்கு வயிற்றுப்போக்கு. நான்கு முறை எழுந்தேன். காலையில் சகோதரியிடம் சொல்லியிருந்தால் வேறோர் ஆசிரியையை அனுப்பியிருப்பார்கள். பயணம் தள்ளிப்போய்விடுமோ என்ற அச்சத்தில் வாயை மூடிக்கொண்டு பேருந்தில் ஏறிவிட்டேன். இத்தனைக்கும் நான் அறிவியல் ஆசிரியை!

செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். வழியில் திருக்கழுக்குன்றம் வரும். நண்பகலில் அங்கே கழுகுகள் வந்து உணவு பெற்றுச் சென்றதைப் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இப்போது அவை வருவதில்லை. அந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தொடங்கி, வயிறு பிசையவே பாதியில் நிறுத்திவிட்டேன்.

முதலில் ஐந்து இரதங்கள். ஏழாம் நூற்றாண்டில் பல்லவர்கள் பாறைகளை மேலிருந்து கீழாகக் குடைந்து செதுக்கிய ஒற்றைக்கல் கோயில்கள் அவை. சுற்றிலும் மணல், நிழல் குறைவு. பத்து மணிக்கே மணல் சுட்டது. கடற்கரைதானே, குளிர்ச்சியாக இருக்கும் என்று எண்ணுவோம். உண்மை வேறு. வியர்வை வழிவதால் நம் உடல் குளிர்வதில்லை. அது ஆவியாகும்போதுதான் குளிர்கிறது. கடற்கரைக் காற்றில் ஈரம் மிகுதி. காற்று அசையாத வேளையில் வியர்வை ஆவியாகாமல் உடம்பிலேயே ஒட்டிக்கொள்ளும். உடலோ வெப்பம் தணியவில்லை என்று மேலும் மேலும் வியர்க்கும். வியர்வையோடு உப்பும் போகும். நல்ல உடம்பு இதைத் தாங்கும். இரவு முழுதும் நீரையும் உப்பையும் இழந்த உடம்பு என்ன செய்யும்?

அருச்சுனன் தவம் எனப்படும் பெரும்பாறைச் சிற்பத்தின் முன் வந்து நின்றபோது எனக்குத் தலை சுற்றியது. அந்தப் பாறை ஏறக்குறைய 30 மீட்டர் நீளம் உடையது. கிழக்கு நோக்கியிருப்பதால் முற்பகல் வெயில் முழுவதும் அதன் மேலும், அதைப் பார்ப்பவர் மேலும் விழும். விலா எலும்புகள் தெரிய, ஒற்றைக் காலில் நின்று, கைகளை உயர்த்தித் தவம் செய்யும் உருவத்தைக் காட்டி, “இவர் அருச்சுனன் என்பர் சிலர், பகீரதன் என்பர் சிலர்” என்று விளக்கினேன். பக்கத்தில் அதேபோல் கைகளைத் தூக்கி நிற்கும் பூனையையும், அதை நம்பிச் சூழ்ந்திருக்கும் எலிகளையும் கண்டு பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தப் பூனையின் பொய்த்தவத்துக்கும் என் சிரிப்புக்கும் அப்போது அதிக வேறுபாடு இல்லை.

“டீச்சர், உங்கள் உதடு வெளுத்துப்போயிருக்கிறது” என்றாள் ஒரு மாணவி. நான் மறுமொழி சொல்லுமுன் கால்கள் மடங்கின. இருவர் கைத்தாங்கலாகப் பிடித்து, அருகிலுள்ள கிருஷ்ண மண்டபத்தின் நிழலில் படுக்கவைத்தார்கள். ஒருத்தி என் கால்களைத் தன் பையின் மேல் தூக்கி வைத்தாள். இன்னொருத்தி கடைக்கு ஓடிச் சர்க்கரையும் உப்பும் வாங்கி வந்தாள். ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு லிட்டர் தூய நீர். கரண்டியில் தலைதட்டி அளக்கவேண்டும். நான் கற்பித்த பாடத்தை எனக்கே ஊட்டினார்கள்.

உப்பு சரி, சர்க்கரை எதற்கு? சிறுகுடலின் சுவரில் சோடியமும் குளுக்கோசும் கைகோத்து உள்ளே நுழையும் வாயில்கள் உண்டு. அவற்றைத் தொடர்ந்து நீரும் உள்ளே போகிறது. வயிற்றுப்போக்கின்போதும் அந்த வாயில்கள் பெரும்பாலும் பழுதுபடுவதில்லை. இந்த அறிவு காத்த உயிர்கள் ஏராளம். 1971இல் வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்காளத்தின் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பு வழி ஏற்றும் திரவம் தீர்ந்துபோகவே, மருத்துவர் திலீப் மகலனாபிஸ் குளுக்கோஸ், உப்பு, சோடா உப்பு ஆகியவற்றை நீரில் கரைத்துக் குடிக்கக் கொடுக்கச் செய்தார். முப்பது விழுக்காட்டை எட்டியிருந்த இறப்பு நான்கு விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. இன்று மருந்துக்கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் அதே கொள்கையில் அமைந்ததுதான். வீட்டில் கலப்பதைவிட அளவு பிசகாத பொட்டலமே மேல். கலந்த நீர் கண்ணீரைவிட மிகுதியாகக் கரித்தால் கொட்டிவிடுங்கள். இளநீர் நல்லதே; ஆயினும் அதில் சோடியம் குறைவு. இனிப்பு மிகுந்த குளிர்பானமோ வயிற்றுப்போக்கை மிகுவிக்கும்.

பெற்றோர் ஒன்றைக் கவனிக்கவேண்டும். எனக்கு வந்தது வெப்பத் தளர்ச்சி: வியர்வை, வெளுத்த முகம், தலைச்சுற்றல். நிழலும் நீரும் அதற்குப் போதும். ஆனால் உடல் நெருப்பாய்க் கொதித்து, பேச்சுக் குழறி, அறிவு தடுமாறினால் அது வெப்பத் தாக்கு. உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியசுக்கு மேல் போய்விடும். காய்ச்சல் மாத்திரை அதைத் தணிக்காது. உடனே 108க்குத் தொலைபேசி செய்து, வண்டி வரும்வரை உடம்பெங்கும் நீர் ஊற்றி விசிறவேண்டும். நினைவு தப்பியவர் வாயில் நீர் ஊற்றவே கூடாது.

வாய் வாயாகக் குடித்தபடி ஒரு மணிநேரம் அங்கேயே கிடந்தேன். முன்பு பலமுறை அந்த மண்டபத்தை ஐந்து நிமிடத்தில் கடந்திருக்கிறேன். அன்றுதான் பார்த்தேன். கோவர்த்தன மலையைக் கண்ணன் தூக்கிப் பிடிக்க, அதன் கீழே ஆயர்பாடியே ஒதுங்கி நிற்கிறது. ஒருவன் பால் கறக்கிறான். பசு கன்றை நக்குகிறது. ஒருவன் தோளில் குழந்தை. மழைக்கு ஒதுங்கியவர்கள் என்ற பதற்றம் எவர் முகத்திலும் இல்லை. பல்லவர் காலத்தில் இது திறந்தவெளிச் சிற்பம். முன்னால் தூண்களை நிறுத்தி மண்டபமாக்கியவர்கள் பிற்கால விசயநகரத்தார். அந்தத் தூண்களின் நிழலில்தான் நான் கிடந்தேன்!

இன்னொன்றும் நடந்தது. நான் படுத்ததும், நன்றாக இருந்ததாக நான் நினைத்த மூன்று பெண்கள் மெல்ல வந்து அருகில் அமர்ந்தார்கள். ஒருத்திக்குக் காலையிலிருந்தே காய்ச்சல். ஒருத்திக்கு மாதாந்திர வயிற்றுவலி. மூன்றாமவள் வாந்தி வருமென்று காலையில் எதுவும் உண்ணவில்லை. “ஏன் சொல்லவில்லை?” என்றேன். “சொன்னால் விட்டுவிட்டுப் போய்விடுவீர்களே, டீச்சர்” என்றாள் காய்ச்சல்காரி. அதட்ட எனக்கு என்ன உரிமை இருந்தது? நால்வரும் அந்தப் பசுவையும் கன்றையும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மற்றவர்கள் கலங்கரை விளக்கத்தில் ஏறி வந்தார்கள். நான்கு மணிக்குக் கடற்காற்று வீசத் தொடங்கியதும் எல்லோருமாக மெதுவாகக் கடற்கரைக் கோயிலுக்குப் போனோம். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவன் எழுப்பிய அந்தக் கற்கோயிலில் உப்புக்காற்றால் பல சிற்பங்களின் முகங்கள் கரைந்துபோயிருக்கின்றன. காற்றையும் மணலையும் தடுக்கச் சவுக்கு மரங்கள் நட்டிருக்கிறார்கள். சவுக்கின் அடியில் அமர்ந்து மிச்சமிருந்த உப்புச் சர்க்கரை நீரை நால்வரும் பகிர்ந்து குடித்தோம். இவ்வாண்டுப் பயணத்திற்குச் சகோதரி ஒரு படிவம் தந்திருக்கிறார்கள். “இன்று உடல்நிலை எப்படி?” என்பது முதல் கேள்வி; “மெதுவாக நடக்கும் குழுவில் சேர விருப்பமா?” என்பது இரண்டாவது. அந்தக் குழுவுக்கு இதற்குள் பதினொரு பெயர்கள் வந்துவிட்டன. அவர்களில் நால்வர் நல்ல உடல்நலத்தோடு இருப்பவர்கள்!