தொலைவிலிருந்து வீடு திருத்துதல்

“வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்” என்பது முன்னோர் சொல். கண்ணெதிரே நின்று கட்டுவோர் படும் பாட்டையே அது குறிக்கின்றது. வீடு ஓரிடத்திலும், வீட்டுக்குப் பணம் கொடுப்பவர் கடலுக்கு அப்பாலும் இருந்தால் நேரும் பாட்டை நம் காலத்தவரே அறிய வேண்டியதாயிற்று.

சித்தூர், திருப்பதிப் பகுதிகளிலிருந்து குவைத்து நாட்டுக்கு வேலை தேடிச் சென்றோர் பலர். கணிப்பொறித் தொழிலின் பொருட்டு அமெரிக்கா சென்றோரும் உண்டு. இவர்களுக்கு ஊரிலுள்ள வீடு வெறும் பெருமைப் பொருளன்று. 1990 ஆகஸ்டு 2ஆம் நாள் ஈராக்கியப் படை குவைத்தினுள் புகுந்ததும், ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர் விமானங்களில் தாயகம் கொண்டுவரப்பட்டனர். அவ்வாறு திடீரெனத் திரும்ப நேர்ந்தால் தலைசாய்க்க இருப்பது அந்தக் கூரைதானே!

ஒரு குடும்பத்தை எண்ணிக்கொள்வோம். மகன் குவைத்தில் இருக்கின்றான். சித்தூரில், பாட்டன் கட்டிய வீட்டில், தாயும் மனைவியும் இரு குழந்தைகளும் வாழ்கின்றனர். மழைக்காலத்தில் சுவர் ஈரம் கசிகின்றது, கூரை சொட்டுகின்றது. மகன் தன் விடுமுறை நாளான வெள்ளிக்கிழமையன்று தொலைபேசியில் மேஸ்திரியுடன் பேசுகின்றான். சிமெண்டுப் பூச்சு, பளபளக்கும் வண்ணம், வழவழப்பான தரை என்று முடிவாகின்றது. பணமும் வந்து சேருகின்றது. வேலை முடிந்ததும் கைபேசியில் வந்த படங்களைக் கண்டு மகன் மகிழ்கின்றான். அடுத்த மழைக்குள் பூச்சு பொரிந்து உதிர்கின்றது. பணம் போயிற்று, வீட்டாருக்குள் மனத்தாங்கலும் வந்தது. பிழை எங்கே நேர்ந்தது?

முதலாவது, வீட்டின் இயல்பை அறியாமை. சித்தூர் 1953 வரை சென்னை மாநிலத்தைச் சேர்ந்திருந்த பகுதி. அம்மாநிலத்தில் வழங்கிய கட்டட முறையையே இங்குள்ள பழைய வீடுகள் பலவற்றிலும் காணலாம். செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய சுவர், மண்ணிலிருந்தும் மழையிலிருந்தும் சிறிது நீரை உறிஞ்சும். வெயில் வந்ததும் அதனைக் காற்றில் விட்டுவிடும். சுண்ணாம்புப் பூச்சு இதற்கு இடம் கொடுக்கும். அடர்த்தி மிகுந்த சிமெண்டும், அதன்மேல் எண்ணெய் வண்ணமும் பூசினால் நீர் வெளியேறும் வழி அடைபடுகின்றது. உள்ளே தங்கிய நீரில் கரைந்துள்ள உப்பு, பூச்சின் பின்புறம் படிகமாகி அதனைத் தள்ளுகின்றது. உதிர்வது இதனாலேயே.

ஆதலின் பூசுமுன் நீர் வரும் வழியைத் தேட வேண்டும். மழைநீர்க் குழாய் உடைந்திருக்கலாம். குளியலறைக் குழாய் கசியலாம். தெருவை மேன்மேலும் உயர்த்தியதால் சுவரின் அடி மண்ணுக்குள் ஆழ்ந்திருக்கலாம். அவ்வழியை அடைத்து, சுவரை உலரவிட்டு, சுண்ணாம்பே பூசுதல் நலம்.

கூரையும் அத்தகையதே. தேக்கு உத்திரங்களின்மேல் மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் குத்துக்கல்லாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இட்டு, நாட்கணக்காக அடித்து இறுக்கி, தட்டோடு பாவிய மாடியை மெட்ராஸ் டெரஸ் என்பர். இது சொட்டுமாயின் பெரும்பாலும் காரணம் சிறியது: நீர்ப்போக்கி அடைபட்டிருக்கும், ஓட்டின் இடைவெளியில் அரசங்கன்று வேரூன்றியிருக்கும், அல்லது சாந்து பெயர்ந்திருக்கும். இவற்றைப் பாராமல் மேலே கான்கிரீட்டு போட்டால் பாரம் கூடும். சுவருக்குள் செல்லும் உத்திர முனைகள் மக்கியோ கறையான் அரித்தோ இருந்தால் கூரைக்கே ஆபத்து. உத்திர முனைகளைத் தட்டிப் பார்த்த பிறகே மற்ற வேலை.

இரண்டாவது, காலம். இப்பகுதிக்குத் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவ மழைகளும் உண்டு. 2021 நவம்பரில் திருப்பதித் தெருக்களில் வெள்ளம் பாய்ந்ததைப் பலரும் மறந்திரார். எனவே பொங்கல் கழிந்ததும் வேலையைத் தொடங்கி, மழைக்கு முன் கூரையை முடித்துவிடல் வேண்டும். கோடையில் வேறோர் இடர் உண்டு. கான்கிரீட்டை ஏழு நாளேனும் ஈரம் காயாது காக்க வேண்டும். வெப்பம் மிகுந்த நாட்களில் இன்னும் சில நாள் காத்தல் நன்று. புதிய தளத்தின் முட்டுக்களை, அகலம் நாலரை மீட்டர் வரை இருப்பின் ஏழு நாளும், அதற்கு மேற்படின் பதினான்கு நாளும் எடுக்கலாகாது. அந்த நீரை ஊற்றுபவர் யார்? பெரும்பாலும் வீட்டுப் பெண்களே.

மூன்றாவது, பணம் கொடுக்கும் முறை. நிழற்படம் பளபளப்பைக் காட்டும், ஈரத்தைக் காட்டாது. தட்டினால் எழும் பொள்ளல் ஓசையையும் காட்டாது. ஆதலின் மொத்தப் பணத்தை முன்னே கொடாமல், வேலையைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் வீட்டிலுள்ளவர் தொட்டுப் பார்த்து ஒப்பிய பின்னரே கொடுத்தல் வேண்டும். இதனை எழுத்தில் வைத்துக்கொண்டால் மேஸ்திரிக்கும் ஐயமிராது.

உறவினருக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுப்போர் சற்று நிதானிப்பாராக. பழுது பார்ப்பதற்கு அவ்வேலையை மட்டும் குறிக்கும் தனி அதிகாரமே போதும். விற்கவும் அடகு வைக்கவும் உரிமை தரும் பொது அதிகாரம் வேண்டா. அயல்நாட்டில் எழுதிய பத்திரத்தை அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று அனுப்ப வேண்டும். அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கு முத்திரைத் தீர்வையும் செலுத்த வேண்டும்.

இவை யாவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு. நாம் எண்ணிய குடும்பத்தின் தாயை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், “குளியலறைப் படி உயரமாக இருக்கிறதப்பா, இரவில் கால் வைக்கப் பயமாக இருக்கிறது. அதைச் சரி செய்தால் போதும்” என்றிருப்பார். அவருக்குக் கிடைத்ததோ, ஈரம் பட்டால் வழுக்கும் புதுத் தரை. குளிர்ச்சியும் பிடிப்பும் உடைய பழைய கடப்பைக்கல் தரை பெயர்க்கப்பட்டுத் தெருவோரம் கிடந்தது. தூசியிலும் இரைச்சலிலும் சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, வேலையாட்களுக்குத் தண்ணீர் கொடுத்து வந்த மனைவியோ, முடிவு செய்யும் உரிமை இல்லாதவளாகவே இருந்தாள். பிழை நேர்ந்ததும், “நீ அருகில்தானே இருந்தாய், பார்க்கவில்லையா?” என்ற கேள்வி மட்டும் அவளை நோக்கி வந்தது.

பொறுப்பை ஒருவரிடமும் அதிகாரத்தை மற்றொருவரிடமும் வைத்தால் வீட்டிலும் விரிசல், உள்ளத்திலும் விரிசல். வேலையை நிறுத்தவும், பணத்தைத் தாமதிக்கவும் வீட்டிலுள்ள பெண்ணுக்கு உரிமை வேண்டும். அதனை மேஸ்திரியும் அறிந்திருக்க வேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமை தொலைபேசியை எடுக்கும் மகன் மேஸ்திரியை அழைக்குமுன் தாயை அழைப்பானாக. “என்ன வண்ணம் பூசலாம்?” என்று கேளாமல், “அந்த வீட்டில் உங்களுக்கு எது கடினமாக இருக்கிறது அம்மா?” என்று கேட்பானாக. செய்ய வேண்டிய முதல் வேலை எது என்பது அவர் விடையில் இருக்கும்.