முயற்கூடும் ஈற்றுக் கணக்கும்

தெஹிவளை என்றதும் 1936ஆம் ஆண்டில் அரசாங்கம் பொறுப்பேற்ற மிருகக்காட்சிச்சாலையே பலருக்கும் நினைவில் எழும். அவ்வூரிலே சிறு முற்றமுடைய குடும்பத்தாரும் இறைச்சிக்காக வளர்க்கத் தக்க பிராணி முயல். குட்டி பெருகும் வேகத்தைக் கண்டு மயங்குவோர் பலர்; தாய் முயலின் வயதைக் கணக்கில் வைப்போரோ சிலர். இக்கணக்குத் தவறினால் சில ஆண்டுகளிற் கூடு வெறுமையாகும்.

முயலுக்குப் பெரும்பகை வெப்பம். தமிழ்நாட்டில், கொடைக்கானல் மலையிலுள்ள மன்னவனூர் ஆராய்ச்சி நிலையத்தில் இறைச்சி முயல்கள் வளர்க்கப்படுகின்றன. அங்கே குளிர் துணை செய்கிறது. தெஹிவளையில் அத்துணை இல்லை. வெப்பம் 30 பாகைக்கு மேல் நீடிப்பின் ஆண் முயல் சில வாரங்களுக்கு மலடாதலும் உண்டு. ஆகவே பங்குனி, சித்திரையில் இணைசேர்த்துப் பயன் காணாதோர் பெட்டையைக் குறைகூறல் வேண்டா. கூட்டை நிலத்தினின்று உயர்த்தி, நிழலில், கடற்காற்றுப் படும்படி அமைத்தல் நன்று.

நடுத்தர இனப் பெட்டையை ஆறாம் மாதமளவில் இணைசேர்க்கலாம். பேரினமாயின் எட்டு, ஒன்பது மாதம் பொறுத்தல் வேண்டும். பெட்டையையே ஆணின் கூட்டிற்குக் கொண்டுசெல்க. மாறிச் செய்தால், தன் வீட்டிற் புகுந்த அந்நியனை அது கடித்துத் துரத்தும்! சினைக்காலம் ஏறக்குறைய 31 நாள். 28ஆம் நாள் வைக்கோலிட்ட பெட்டியொன்றை உள்ளே வைத்தால், தாய் தன் உரோமத்தைப் பிடுங்கி மெத்தை அமைக்கும். நாளுக்கு ஒருமுறை, அதுவும் சில நிமிடமே பாலூட்டுவது அதன் இயல்பு. குட்டிகளைக் கைவிட்டதென்று அஞ்ச வேண்டியதில்லை.

ஈன்ற அன்றே மீண்டும் சினைப்படும் ஆற்றல் அதற்குண்டு. பேராசைக்காரர் வழுக்கி விழுமிடம் இதுவே. ஆறு வாரத்திற் குட்டிகளைப் பிரித்த பின்னரே மறுபடி சேர்ப்பின், ஆண்டுக்கு நான்கைந்து ஈற்றுக் கிடைக்கும், தாயும் தேயாது. மூன்று வயதை நெருங்கும்போது குட்டிகள் குறையும், சேர்க்கை பலியாது போகும். வயதேறிய பெட்டைகளுக்குக் கருப்பைப் புற்றுநோயும் மிகுதி. எனவே இரண்டாம் ஆண்டிலேயே, குட்டிகளைச் செவ்வையாக வளர்த்த தாயின் மகளொன்றைத் தெரிந்து வைத்தல் வேண்டும். அதற்குத் துணையாகும் ஆண் அதே கூட்டுச் சகோதரனாயிருத்தல் ஆகாது. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ முயல் வளர்க்கும் உறவினர் இருப்பின், ஆண் முயலை மாற்றிக்கொள்ளலாம்.

இணைசேர்த்த நாள், ஈன்ற நாள், பிழைத்த குட்டிகளின் தொகை ஆகியவற்றைக் கொப்பியொன்றில் எழுதும் பொறுப்பைப் பள்ளிப் பிள்ளைகளிடம் விடலாம். ஒன்று மட்டும் சொல்வோம்: பெயரிட்ட முயலைக் கறியாக்கப் பிள்ளைகள் சம்மதியார். ஆதலால் பெயர் தாய்களுக்கே இருக்கட்டும்; குட்டிகளுக்கு எண் போதும். ஓய்வு பெற்ற தாயின் இறைச்சி எவ்வாறும் கடினமானதே. அது புல்லைத் தின்றுகொண்டு, கத்தரிப் பாத்திக்கு எருத் தந்துகொண்டு முற்றத்திலேயே கிடக்கட்டும்.