கருகிய வேம்பை வெட்ட வேண்டாம்!

மழைக்காலத்தில் வேப்ப மரத்தின் கிளை நுனிகள் தீயில் வாட்டியதுபோல் பழுப்பாகிக் காய்வதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். மரம் பட்டுவிட்டது என்று நினைத்து விறகுக்கு விற்றுவிடுவோரும் உண்டு. அவசரம் வேண்டாம். இது நுனிக்கருகல் நோய். ஆகஸ்டு முதல் டிசம்பர் வரை தீவிரமாக இருக்கும். பெரும்பாலான மரங்கள் கோடையில் மீண்டும் துளிர்த்துவிடும்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் பக்கம் ஆலை, சாலை, மனைப்பிரிவு என நிலம் மாறிவிட்டது. ஏரிக்கரையிலும் வரப்பிலும் எஞ்சி நிற்கும் வேம்பையும் இழந்தால், 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசலுக்கான கொட்டையையும் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். 100 லிட்டர் கரைசலுக்கு 5 கிலோ பருப்பு தேவை.

காரணம் என்ன?

'போமாப்சிஸ் அசாடிராக்டே' என்ற பூஞ்சாணம்தான் காரணம். மைசூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1997-ல் இதற்குப் பெயரிட்டனர். 2021-ல் தெலங்கானாவில் இந்நோய் பரவலாகத் தாக்கியது. தமிழகத்திலும் பல மாவட்டங்களில் தென்பட்டது. இளந்தளிரில் சாறு உறிஞ்சும் தேயிலைக் கொசு ஏற்படுத்தும் காயமும் பூஞ்சாணம் நுழைய வழிவிடுகிறது. பூங்கொத்தும் கருகுவதால் காய்ப்பு குறையும். பூஞ்சாணம் விதை வழியாகவும் பரவும் என்பதுதான் முக்கியம்.

அமெரிக்கா தரும் பாடம்

1904-ல் நியூயார்க்கில் செஸ்ட்நட் மரங்களில் ஒரு கருகல் நோய் தென்பட்டது. அடுத்த 50 ஆண்டுகளில் சுமார் 400 கோடி மரங்கள் அழிந்தன. நோய் வருமுன் காசாக்கிவிடலாம் என்று நல்ல மரங்களையும் வெட்டினார்கள். நோயைத் தாங்கும் மரங்களும் அதில் போயிருக்கக்கூடும். எதிர்ப்புத்திறன் உள்ள மரத்தை உருவாக்க இன்றும் அங்கே பாடுபடுகிறார்கள். நம் வேம்புக்கு அந்த நிலை வரவில்லை. தாங்கி நிற்கும் மரங்கள் நம் கண்ணெதிரே உள்ளன.

என்ன செய்யலாம்?

* மழைக்காலத்தில் ஊரில் எந்த மரம் கருகாமல் நிற்கிறது என்று பார்த்துக் குறி வையுங்கள். அதுவே தாய்மரம். ஒரே மரத்தை நம்பாமல் பல மரங்களைத் தேர்வு செய்யுங்கள்.

* மே முதல் ஜூலை வரை மஞ்சளாகப் பழுத்த பழங்களை மரத்திலிருந்தே பறியுங்கள். சதையை நீக்கிக் கழுவி, நிழலில் உலர்த்துங்கள்.

* வேப்ப விதையின் முளைப்புத்திறன் வேகமாகக் குறையும். இரண்டு, மூன்று வாரங்களுக்குள் விதைத்துவிட வேண்டும். விதைக்கும் முன் கிலோவுக்கு 2 கிராம் கார்பன்டசிம் கலந்து நேர்த்தி செய்யலாம்.

* நாற்றங்காலில் நுனி கருகிய கன்றுகளை உடனே அகற்றி எரித்துவிடுங்கள்.

* சிறு மரங்களில் கருகிய கிளையை, பச்சையான பகுதி வரை சேர்த்து வெட்டி எரியுங்கள். பெரிய மரம் முழுவதும் மருந்து தெளிப்பது நடைமுறைக்கு ஒத்துவராது. தேவைப்பட்டால் வேளாண் அலுவலரிடம் கேட்டுச் செய்யுங்கள். பூக்கும் காலத்தில் தெளித்தால் தேனீக்கள் பாதிக்கப்படும்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போது வரப்பிலும் ஏரிக்கரையிலும் கன்றுகளை நடலாம். ஆலை வளாகங்களின் பசுமைப் பட்டைக்கும் இந்த உள்ளூர்க் கன்றுகளையே கொடுக்கலாம். மகளிர் குழுக்களுக்கு அது வருமானமாகும்.

காகமும் மைனாவும் வேப்பம் பழத்தைத் தின்று கொட்டையைத் தொலைவில் போடுகின்றன. காப்புக்காட்டில் தானாக முளைக்கும் வேம்புக்கு உங்கள் வரப்பு மரமே தாயாக இருக்கலாம். அதனால், கருகியது என்று மரத்தை விலை பேசும் முன் ஒரு கோடை வரை பொறுத்துப் பாருங்கள்.