வரப்பறியாத காய்ப்புழு

நெசவாளரின் நூலும் விவசாயியின் வருவாயும் பருத்திக் காயிலிருந்தே பிறக்கின்றன. அக்காயைத் துளைக்கும் புழுக்களைத் தடுக்க 2002-இல் பி.டி. பருத்தி நம் நாட்டில் அனுமதிக்கப்பட்டது. ஆயினும் குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அதன் நஞ்சைத் தாங்கி வாழ்வது 2010-இல் வெளியாயிற்று. காரணம் யாது?

பச்சைக் காய்ப்புழு துவரை, கொண்டைக்கடலை முதலியவற்றிலும் வளர்வது. அதன் அந்துப்பூச்சிகள் நெடுந்தூரம் பறந்து பிறவற்றுடன் கலப்பன. இளஞ்சிவப்புப் புழுவுக்கோ பெரும்பாலும் பருத்தியே கதி. சாதாரணப் பருத்தியையும் உடன் நடுதல் வேண்டும் என்ற விதியைப் பலர் கைக்கொள்ளவில்லை. ஆகவே நஞ்சைத் தாங்கிய பூச்சிகள் தமக்குள்ளேயே கூடிப் பெருகின. சாதாரணச் செடியில் வளர்ந்தவை அவற்றுடன் இணையுமாயின், கலப்புச் சந்ததியிற் பெரும்பகுதி நஞ்சுக்கு மடியும்.

பூச்சி வரப்பறியாது. ஒருவர் மட்டும் நட்டுப் பயனில்லை. பருவம் முடிந்ததும் மாறுகளை அகற்றுதலும் அவ்வாறே. அங்கத்தினர் அனைவரும் ஒன்றுபட்டுச் செய்தலே கூட்டுறவு அன்றோ!