காட்டூன் கற்பிக்கும் நிறப் பாடம்

கொலன்னாவையில் என்னிடம் ஓத வரும் சிறுமி ஒருத்தி. வயது ஏழு இருக்கும். ஒருநாள் ஓதி முடிந்ததும் கொப்பியில் தான் வரைந்த படமொன்றைக் கொண்டுவந்து காட்டினாள். நீண்ட தாடி, பெரிய தலைப்பாகை, வளைந்த மூக்கு, கறுத்த முகம்.

"இது யார் மகள்?"

"கெட்டவர், ஹஸரத்."

"கெட்டவர் என்று எப்படித் தெரியும்?"

"முகத்தப் பார்த்தாத் தெரியுந்தானே!"

தாடியும் தலைப்பாகையுமாக அவள் முன் அமர்ந்திருந்த எனக்கு வாயடைத்துப் போயிற்று. விசாரித்தபோது, அவள் வீட்டில் திரும்பத் திரும்பப் பார்ப்பது 'அலாவுதீன்' காட்டூன் படம் என்று தெரியவந்தது.

வோல்ட் டிஸ்னி நிறுவனம் 1992ஆம் ஆண்டு வெளியிட்ட படம் அது. இசைக்காக இரண்டு ஒஸ்கார் விருதுகளும் பெற்றது. ஆனால் அதன் தொடக்கப் பாடல், முகம் பிடிக்காவிட்டால் காதை வெட்டிவிடும் தேசம் என்று அரபு மண்ணை அறிமுகம் செய்தது. அமெரிக்காவில் வாழும் அரபு மக்களின் அமைப்பு எதிர்ப்புத் தெரிவித்ததால், 1993இல் வீடியோ கசட் வெளிவந்தபோது அந்த அடி மாற்றப்பட்டது. அந்நாட்டைக் காட்டுமிராண்டித்தனமானது என்ற சொல்லோ அப்படியே நின்றது. 2019இல் நடிகர்களைக் கொண்டு மீண்டும் எடுத்தபோதுதான் அது நீங்கியது.

பாடலை மாற்றலாம், முகங்களை? படத்தில் எல்லோரும் அரபிகளே. ஆயினும் அலாவுதீனும் இளவரசி ஜஸ்மினும் அமெரிக்கர்களைப் போலப் பேசுகிறார்கள். அவலட்சணமான காவலர்களும் கடைக்காரர்களும் அந்நிய உச்சரிப்பில் கத்துகிறார்கள். இத்தனைக்கும் இக்கதை ஆயிரத்தொரு இரவுகளின் பழைய அரபுப் பிரதிகளில் இல்லை. 1709இல் அலெப்போவைச் சேர்ந்த ஹன்னா தியாப் பாரிஸில் சொல்லக் கேட்டு, கலான் என்ற பிரெஞ்சுக்காரர் எழுதியது. கதை நடப்பதும் சீனாவில்! பாலைவனமும் வாளும் டிஸ்னி தேர்ந்துகொண்டவை.

பெண்களின் நிலை என்ன? இப்படத்தில் முக்கியமான பெண் ஜஸ்மின் ஒருத்தியே. டிஸ்னியின் முதல் இளவரசி 'ஸ்னோ வைட்' 1937இல் வந்தாள். கறுப்பின இளவரசி ஒருத்தி வர 2009 ஆயிற்று, 72 ஆண்டுகள்! பாகிஸ்தானில் 2013இல் வெளிவந்த 'புர்கா அவெஞ்சர்' தொடரில், பெண்கள் பாடசாலையை மூட வருவோரை ஓர் ஆசிரியை புத்தகத்தாலும் பேனையாலும் விரட்டுகிறாள். நம்மாலும் படைக்க முடியும் என்பதற்கு அது ஓர் அத்தாட்சி.

அன்புப் பெற்றோரே! டிஸ்னியை மட்டும் குறை சொல்லித் தப்பிவிட முடியுமா? கலியாணம் பேசும்போது "பிள்ளை நல்லம், நிறந்தான் கொஞ்சம் மட்டு" என்று சொல்வது யார்? ஹபஷியரான பிலால் (ரழி) அவர்களின் பாங்கோசையைப் பெருமையாகப் பேசிவிட்டு, கறுத்த பேத்திக்கு வெள்ளையாகும் கிறீம் வாங்குவது யார்? அதையும் பிள்ளைகள் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார்கள்.

டி.வி.யை உடைக்கச் சொல்லவில்லை. பக்கத்தில் உட்காருங்கள். "இவரை ஏன் கெட்டவர் என்கிறாய், செய்ததைப் பார்த்தா, முகத்தைப் பார்த்தா?" என்று கேளுங்கள்.

நானும் அந்தச் சிறுமியிடம் கேட்டேன்: "உங்கட தெருவில் நல்ல மனிசர் யார் மகள்?"

யோசித்துச் சொன்னாள். "பாண் கொண்டுவாற நானா. காசில்லாட்டியும் தருவார்."

"அவர் என்ன நிறம்?"

"கறுப்பு. தாடியும் இருக்கி."

பிறகு கொப்பியிலிருந்த படத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.